மாதிரி விமானத் திடல்: புல்லா, தாரா, விரிப்பா?

மாதிரி விமானம் பறக்கவிடும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினால், முதல் வாக்குவாதம் ஓடுபாதையைப் பற்றித்தான் வரும். பழையவர்கள் புல் போதும் என்பார்கள். ஜெட் வைத்திருப்பவர் தார் போட்டே ஆக வேண்டும் என்பார். பொருளாளர் வாயைத் திறக்கமாட்டார்.

பழகுபவரின் விமானம் பெரும்பாலும் ஆகாயத்தில் உடைவதில்லை. இறங்கி ஓடும் கடைசி இருபது அடியில்தான் மூக்கு குத்தும், புரோப்பெலர் முறியும், முன்சக்கரம் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஒன்று உடைந்தால், சம்பளத்தை எண்ணிச் செலவிடும் இளைஞர் மூன்றாம் மாதம் திடல் பக்கமே வரமாட்டார். அப்பாவிடம் காசு கேட்கும் பள்ளி மாணவன் அதற்கும் முன்பே நின்றுவிடுவான். ஓடுபாதை சரியாக இல்லாததால் ஆள் கலைந்த கிளப்புகள் உண்டு.

எதைப் போடுவது என்று பேசும் முன் நிலம் யாருடையது என்று பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது இரவல் நிலம்தான். தோட்ட நிர்வாகம் வாய்ச்சொல்லாகக் கொடுத்த மூலை நிலமாக இருக்கலாம். மறுநடவுக்காகச் செம்பனையைச் சாய்த்துவிட்டுச் சும்மா கிடக்கும் இடமாக இருக்கலாம். அரசாங்க நிலம் என்றால் டி.ஓ.எல். அனுமதி, அது அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அந்த நிலத்தில் நிலையான கட்டுமானம் எதற்கும் இடமில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் தார் ஊற்றுவது, வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவது போன்றதுதான். நிலத்தைத் திருப்பிக் கேட்டால் தாரைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது.

கூடவே, பக்கத்தில் விமான நிலையம் ஏதும் இருக்கிறதா, 400 அடி உயரக் கட்டுப்பாட்டுக்குள் பறக்க அந்த இடம் தோதானதா என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்க முடியாத இடத்தில் பாதை போட்டு என்ன பயன்?

அடுத்தது தண்ணீர். நம் நாட்டு மழைக்கு எந்த மேற்பரப்பும் தானாகத் தாக்குப்பிடிக்காது. மாலை இடிமழை ஒரு மணி நேரம் கொட்டினால் தட்டையான திடல் இரண்டு நாளைக்குச் சேறுதான். எனவே புல்லோ விரிப்போ தாரோ, அதற்குக் கீழே மண் மேடிட்டிருக்க வேண்டும். 1.5 மீட்டர் இறக்கை கொண்ட பயிற்சி விமானங்களுக்கு 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் தாராளம். அந்த 10 மீட்டரில் நடுமுதுகு, இரண்டு ஓரங்களையும்விட 10 செண்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். சக்கரத்துக்கும் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். இரு பக்கமும் ஆழமில்லாத வடிகால், அது போய்ச் சேர ஒரு பள்ளம். காசு குறைவு என்றால் புல்லில் மிச்சம் பிடியுங்கள், மண் வேலையில் வேண்டாம்.

புல் என்றால் எந்தப் புல்? சாலையோரத்திலும் பள்ளித் திடலிலும் நாம் பார்க்கும் அகல இலைக் கவ் கிராஸ்தான் என் தேர்வு. புளிப்பு மண்ணிலும் சத்தில்லாத மண்ணிலும் அது பிடிக்கும்; தண்டு தரையோடு ஓடி, விட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். பெர்முடா பார்க்க அழகு. ஆனால் உரமும் அடிக்கடி வெட்டும் கேட்கும், நிழல் பட்டால் மெலியும். சோய்சியா மெத்தென்று இருக்கும், பரவுவதற்குள் பொறுமை போய்விடும். 100-க்கு 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 10,760 சதுர அடி. நர்சரிக்காரரிடம் கேட்கும்போது குளோஸ் டர்ஃபிங்கா, ஸ்பாட் டர்ஃபிங்கா என்று கேட்பார். முன்னது இடைவெளியில்லாமல் பதிப்பது. பின்னது துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து வளரவிடுவது. காத்திருக்க முடிந்தால் பின்னதே போதும், செலவு வெகுவாகக் குறையும்.

புல்லுக்கு எதிரி அதன் உயரம்தான். 3 அங்குலச் சக்கரம் உள்ள விமானம் 1 அங்குலப் புல்லில் ஓடும். 2 அங்குலப் புல்லில் மூக்கைக் குத்தும். மழைக்காலத்தில் கவ் கிராஸ் ஒரு வாரத்தில் கதிர் தள்ளிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை மெஷின் பிடிக்கும் ஆள் யார் என்பதை முதலிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். லாலாங் இருந்தால் வெட்டிப் பயனில்லை, கிழங்கோடு ஒழிக்க வேண்டும். தொட்டாற்சிணுங்கி சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கையால் தூக்கி எறியும் விமானத்தை எடுக்க ஓடுகிறவர் காலையும் பதம் பார்க்கும்.

செம்மண் பாதை தோட்டத்தில் சுலபமாகக் கிடைப்பதால் பலருக்கு ஆசை வரும். காய்ந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிறுகற்கள் மேலே எழும்பி வந்துகொண்டே இருக்கும். ஒரு கல் போதும், புரோப்பெலர் நுனி போய்விடும். ஜெட் மின்விசிறி கல்லை உள்ளே உறிஞ்சினால் தகடுகள் தூளாகிவிடும். செந்தூசி மோட்டார் பேரிங்கில் புகும். மழையில் வழுக்கும். கார் நிறுத்தும் இடத்துக்குப் போடுங்கள்.

தார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே அளவு பாதைக்கு 5 செண்டிமீட்டர் கனத்தில் பிரிமிக்ஸ் மட்டும் 50 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 120 டன் ஆகும். அதற்குக் கீழே 15 செண்டிமீட்டர் கிரஷர் ரன் போட்டால் இன்னும் 150 கன மீட்டர் கல். கோல லங்காட் பக்கம் போல மிதித்தால் அமுங்கும் சதுப்பு மண் என்றால் சில ஆண்டுகளில் அலை அலையாக இறங்கிவிடும். சொந்த நிலம், கெட்டியான மண், டர்பைன் ஜெட் ஓட்டுபவர்கள் ஆகிய மூன்றும் இருந்தால் யோசிக்கலாம்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. செம்பனை நாற்றுமேட்டில் களை முளைக்காமலிருக்க விரிக்கும் கறுப்புப் பின்னல் விரிப்பும், சாலை போடும்போது கல்லுக்கு அடியில் விரிக்கும் துணியும் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த பொருள்தான். அதையே ஓடுபாதையாக விரிக்கலாம். வெயில் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நார் நாராகப் பிரியும். 2 அங்குலச் சக்கரம் கொண்ட தெர்மோகோல் விமானமும் இதில் சறுக்கிக்கொண்டு ஓடும். நிலத்தை விட்டுப் போகும் நாளில் ஆணியைப் பிடுங்கி, சுருட்டி, லாரியில் ஏற்றிவிடலாம்.

விரிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, களையை ஒழித்து, ரோலர் ஓட்டிய பிறகே விரிக்க வேண்டும். 4 மீட்டர் அகலச் சுருளை நீளவாக்கில் மூன்று வரிசை போட்டு, ஒன்றன்மேல் ஒன்று 30 செண்டிமீட்டர் ஏறவிட்டால் 11.4 மீட்டர் அகலம் கிடைக்கும். ஓர வரிசைகளை முதலில் விரித்து, நடு வரிசையைக் கடைசியாக மேலே போடுங்கள். கூரைத் தகரம் வேய்வது போலத்தான். தண்ணீர் இணைப்பில் நுழையாமல் இரு பக்கமும் வழிந்துவிடும். விளிம்புகளை ஒரு சாண் ஆழக் குழியில் புதைத்து மண்ணை மூடி இறுக்குங்கள். வெறும் ஆணியில் விட்டால் ஒருநாள் காற்றில் தூக்கும், அல்லது புல்வெட்டி இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கோரைக்கிழங்கு மட்டும் இந்த விரிப்பையும் குத்திக்கொண்டு வரும். அதை முன்கூட்டியே தோண்டி எடுத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை முழு நீளமும் நடந்து, மேலே கிளம்பிய ஆணிகளை அடித்து இறக்குங்கள்.

புதிய கிளப்புக்கு நான் சொல்வது இரண்டும் கலந்த பாதை. 100 மீட்டர் கவ் கிராஸ், அதன் நடுவில் 60 மீட்டர் விரிப்பு. கனமான விமானமும் வழுக்கி ஓடும் பழகுநரும் இரு முனைகளிலும் புல்லில் வேகம் குறைந்து நிற்பார்கள். விரிப்புக்குக் காசு சேரும்வரை புல்லிலேயே பறக்கலாம். ஆனால் மண் மேடு கட்டி முடித்ததும் உடனே எதையும் பதிக்காதீர்கள். இரண்டு மூன்று பெருமழை பெய்யட்டும். மறுநாள் காலையில் போய்த் தண்ணீர் தேங்கிய இடங்களில் குச்சி நட்டு, அவற்றை மண்ணிட்டு நிரவிய பிறகு நர்சரிக்காரரைக் கூப்பிடுங்கள்.