ஹஸ்லரின் பதக்கமும் திரும்பாத எண்மரும்

போர்வீரர் ஒருவருக்குப் பதக்கம் சூட்டப்படும்போது உலகம் அவரது துணிவையே காண்கின்றது. அத்துணிவுக்காக அவரது தோழர்கள் கொடுத்த விலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரித்தானியாவின் ரோயல் மரைன்ஸ் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கேணல் ஹேர்பேர்ட் ஹஸ்லரின் வாழ்வு இந்த இரண்டையும் ஒருங்கே எடுத்துக்காட்டுவதாகும்.

1914 ஆம் ஆண்டு டப்ளின் நகரிற் பிறந்த ஹஸ்லர், மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். இராணுவ அதிகாரியான தந்தை பயணஞ்செய்த துருப்புக் கப்பல் 1917 இல் தாக்கி மூழ்கடிக்கப்பட்டது. கடல் தந்தையைப் பறித்த போதிலும், மகன் கடலையே நாடினார். 1932 இல் ரோயல் மரைன்ஸில் அதிகாரியாக இணைந்த அவர், 1940 இல் நோர்வேயில் தரையிறங்கு கலங்களை வழிநடத்திய சேவைக்காக ஓ.பி.ஈ. விருதையும் பிரான்ஸின் போர்ச் சிலுவை விருதையும் பெற்றார்.

எனினும், அவரது பெயரை நிலைநிறுத்தியது 1942 டிசெம்பரில் நடத்தப்பட்ட 'பிராங்டன் நடவடிக்கை'யே. ஜேர்மனியின் பிடியிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான போர்டோவுக்குக் கிழக்காசியாவிலிருந்து இறப்பர் முதலான பொருட்களை ஏற்றிய கப்பல்கள் முற்றுகையைத் தாண்டி வந்து சேர்ந்தன. விமானக் குண்டுவீச்சு நடத்தினால் நகர மக்கள் பெருந்தொகையில் மடிவர். ஆகவே மடித்து எடுத்துச் செல்லக்கூடிய இருவர் வள்ளங்களில் ஆற்றுவழியே சென்று கப்பல்களிற் குண்டுகளைப் பொருத்தும் திட்டத்தை மேஜர் ஹஸ்லர் முன்வைத்தார். தலைமை அதிகாரி கூடச் செல்லவேண்டியதில்லை என்ற மேலதிகாரிகளின் தயக்கத்தையும் மீறி, தாமும் சென்றேயாகவேண்டும் என்று அவர் வாதிட்டு அனுமதி பெற்றார்.

டிசெம்பர் 7 ஆம் திகதி இரவு 'ரியூனா' என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஐந்து வள்ளங்களில் பத்துப்பேர் புறப்பட்டனர். ஆறாவது வள்ளம் வெளியே எடுக்கப்படும்போதே கிழிந்துவிட்டது. ஜிரோண்ட் கழிமுகத்தின் கடும் நீரோட்டமும் உறையவைக்கும் குளிரும் முதலிரவிலேயே அணியைச் சிதறடித்தன. எஞ்சியோர் பகலில் கரையோரத்தில் மறைந்திருந்து, இரவில் வற்றுப்பெருக்கின் போக்கறிந்து துடுப்பு வலித்தனர். நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான அந்நீர்வழியைக் கடந்து துறைமுகத்தை அடைந்தவை இரு வள்ளங்கள் மட்டுமே. ஒன்றில் ஹஸ்லரும் பில் ஸ்பார்க்ஸும், மற்றையதில் லேவரும் மில்ஸும் இருந்தனர். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குண்டுகளை அவர்கள் பொருத்த, மறுநாட் காலை பல கப்பல்கள் வெடித்துச் சேதமடைந்தன.

பத்துப்பேரில் உயிருடன் நாடு திரும்பியவர்கள் ஹஸ்லரும் ஸ்பார்க்ஸும் மாத்திரமே. ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நடந்து, பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தினரின் துணையுடன் பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்து ஸ்பெயினூடாக அவர்கள் தப்பினர். இருவர் கடலில் மாண்டனர். கைதான அறுவரும் ஹிட்லர் அவ்வருடம் ஒக்டோபரில் பிறப்பித்த இரகசியக் கட்டளையின்படி கொல்லப்பட்டனர்.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டியுள்ளது. ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த எதிரியைக் கொல்லலாகாது என்பது 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையிலேயே தெளிவாகக் கூறப்பட்ட விதி. கைதான வீரர்கள் சீருடையில் இருந்தமையால் இக்கொலை சர்வதேச சட்டத்திற்குப் புதியதொரு விடயமென ஜேர்மன் கடற்படைத் தலைமையகமே குறிப்பெழுதி வைத்திருந்தது. அக்குறிப்பு 1946 இல் நூரெம்பேர்க் தீர்ப்பில் கடற்படைத் தளபதி எரிக் ரேடருக்கு எதிராக எடுத்தாளப்பட்டது. அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. செய்தவர்களின் பதிவேடே செய்தவர்களுக்கு எதிராகச் சாட்சி கூறியது என்பது கவனிக்கத்தக்கது.

பிரித்தானியத் தரப்பும் குறையற்றதன்று. இரகசிய நாசவேலைகளுக்குப் பொறுப்பான மற்றுமொரு பிரித்தானிய அமைப்பு இதே கப்பல்களைத் தகர்க்க அதே வேளையில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஒருவரது திட்டம் மற்றவருக்குத் தெரியாது. தலைமைப்பீடங்களின் ஒருங்கிணைப்பின்மைக்கு இளம் வீரர்களின் உயிர்கள் விலையாயின. ஹஸ்லருக்கு டி.எஸ்.ஓ. விருதும் ஸ்பார்க்ஸுக்கு டி.எஸ்.எம். பதக்கமும் வழங்கப்பட்டன. லேவருக்கும் மில்ஸுக்கும் அதே பதக்கம் பரிந்துரைக்கப்பட்டும் கிட்டவில்லை. இறந்தோருக்கு அதனை வழங்க அக்கால விதிகள் இடமளிக்கவில்லை.

ஹஸ்லரின் வாழ்வில் எமது மண்ணுக்கும் ஓர் இடமுண்டு. 1944 இல் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு கண்டிக்கு மாற்றிய காலத்தில், சிறு கலங்களில் இயங்கும் விசேட அணிகள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஹம்மன்ஹீல் முகாமில் ஒன்றுதிரட்டப்பட்டன. அவற்றின் பயிற்சியில் ஹஸ்லரின் அனுபவம் பயன்பட்டது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நிற்கும் கடற்கோட்டையின் பெயரையே அம்முகாம் தாங்கியிருந்தது. அங்கிருந்து சென்றவர்கள் பர்மியக் கரையோரத்தை இரவிரவாக உளவு பார்த்தனர்.

1948 இல் ஓய்வுபெற்ற ஹஸ்லர், போர்ப்புகழை விற்றுப் பிழைக்கவில்லை. கடலே அவரது எஞ்சிய வாழ்வாயிற்று. தனியொருவராக அத்திலாந்திக்கைக் கடக்கும் படகோட்டப் போட்டி அவரது எண்ணத்தில் உதித்து, 1960 இல் பிளிமத்திலிருந்து நியூயோர்க்கை நோக்கி ஆரம்பமாயிற்று. 'ஜெஸ்டர்' என்ற சிறிய படகில், சீனப் பாணியிலான பாயுடன் 48 நாட்களில் அவர் இரண்டாவதாக வந்தார். காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கான் பிடிக்கும் பொறியையும் அவர் வடிவமைத்திருந்தார். 1987 இல் அவர் காலமானார்.

வீரத்தைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் போற்றுதல் கேள்விகளை மூடிமறைக்கும் திரையாகிவிடலாகாது. அவர்களை அனுப்பியவர்கள் அனைத்தையும் அறிந்துதான் அனுப்பினார்களா? கைதானவர்களுக்கு நேர்ந்ததென்ன? எந்த நாட்டுப் படைவீரராயினும், எந்தப் போராயினும், இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப்படும்போதே மாண்டவர்களுக்கான மரியாதை முழுமை பெறும் என்பது எமது கருத்தாகும்.