கப்பி மீனின் நிறமும் தூய வழியும்

மரக்கறிச் செய்கையோடு துணைத் தொழிலாக அலங்கார மீன் வளர்க்க விரும்பும் கமக்காரர்கள் பெரும்பாலும் கப்பி மீனிலேயே தொடங்குகின்றனர். இலங்கையிலிருந்து பிற நாடுகளுக்கு அனுப்பப்படும் அலங்கார மீன்களுள் கப்பி முதன்மையானது. அது சிறிய தொட்டியிலும் வளரும், முட்டையிடாது குஞ்சையே ஈனும், விரைவிற் பெருகும். ஆயினும் அதிக விலை கொடுத்து வாங்கிய அழகிய சோடியின் குஞ்சுகள் வளர்ந்தபின் பலநிறக் கலவையாய் நின்று, வாங்குவோர் கைவிடும் பொருளாகிவிடுவதுண்டு. இந்த நட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தீவனமோ தண்ணீரோ அன்று. நிறம் வழிவழியாகச் செல்லும் முறையை அறியாமையே காரணமாகும். அம்முறையை இங்கு விளக்குவோம்.

கப்பி மீனின் வரலாறு

இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் தீவுமாகும். 1859ஆம் ஆண்டு பீற்றர்ஸ் என்னும் ஜேர்மன் அறிஞர் வெனிசுவேலாவில் எடுத்த மீன்களைக் கொண்டு இதனை முதன்முதலில் விவரித்தார். 1866இல், திரினிடாட்டிலிருந்து இம்மீனை இலண்டனுக்கு அனுப்பிய ரொபேட் கப்பி என்பவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் தாம் கண்ட பரம்பரை விதிகளை அச்சிட்டு வெளியிட்டதும் அதே ஆண்டிலேயாம். பட்டாணிக்குப் பொருந்திய விதிகள் கப்பிக்கும் பொருந்தும் என்பது பின்னர் தெளிவாயிற்று. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் இயல்புடையதால் நம் நாடு உட்படப் பல நாடுகளுக்கும் இம்மீன் கொண்டுசெல்லப்பட்டது.

நிறம் எவ்வாறு உண்டாகிறது

கப்பி மீனின் தோலிலுள்ள நிறக் கலங்கள் மூவகைப்படும். கருநிறக் கலங்களில் மெலனின் என்னும் கருமைப் பொருள் இருக்கிறது. மஞ்சள், செம்மஞ்சட் கலங்களில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்றை மீனின் உடலே ஆக்கும். மற்றையதாகிய கரட்டினொயிட்டை மீன் ஆக்கமாட்டாது. பாசி முதலிய உணவிலிருந்தே பெறவேண்டும். மூன்றாவது வகைக் கலங்களில் மெல்லிய பளிங்குத் தகடுகள் அடுக்காக உள்ளன. அவற்றில் ஒளி பட்டுத் தெறிப்பதால் நீலமும் பச்சையும் வெள்ளி மினுக்கும் தோன்றுகின்றன.

பிறந்த குஞ்சுகள் யாவும் சாம்பல் நிறமாகவே காணப்படும். ஆண்கள் பருவமடையும்போதே நிறம் வெளிப்படும். 26 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்களில் முதல் நிறப்புள்ளிகள் தென்படும். வாலகன்ற வகைகளில் வாலும் நிறமும் முழுமைபெறச் சில மாதங்கள் செல்லும். பெண் மீனோ பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும்.

தந்தையிலிருந்து மகனுக்கு

ஒவ்வோர் உயிர்க்கலத்திலும் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. கப்பிக்கு இவை 23 சோடி. பரம்பரை இயல்பைத் தாங்கும் பரம்பரையலகுகள் இவற்றிலேயே அமைந்துள்ளன. ஒரு சோடி, ஆண் பெண் என்னும் பாலை நிருணயிக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஆணுக்கு ஓர் எக்சும் ஒரு வையும்.

1920இல் கோபன்ஹேகன் நகரில் ஜொஹானஸ் சிமிட் என்பவர், முதுகுத் துடுப்பில் கரும்புள்ளியுடைய கப்பி ஆண்களை ஆராய்ந்தார். அப்புள்ளி தந்தையிலிருந்து எல்லா மகன்களுக்கும் சென்றது. மகள் வழியாகப் பேரனுக்குச் செல்லவில்லை. எனவே அது வை நிறமூர்த்தத்தில் அமைந்தது எனத் தெளிந்தனர். பின்னர் அதே நகரில் விங்கே என்னும் அறிஞர், வேறு பல நிறங்கள் எக்சிலும் அமைந்திருப்பதையும், சில நிறங்கள் எக்சுக்கும் வைக்கும் இடையே இடம் மாறுவதையும் காட்டினார்.

இதனாற் கமக்காரர் அறியவேண்டியவை இரண்டு. முதலாவது, தூய வழியொன்றுக்குள் வேற்று ஆணை விட்டால், அந்த ஆணின் மகன்கள் யாவும் அவனது வையையே பெறும். பழைய வையில் இருந்த நிறம் அத்தொட்டியிலிருந்து அடியோடு மறையும். இரண்டாவது, ஆணின் எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால், மங்கலான பெண்ணும் நிறத்தைத் தன்னுள்ளே மறைத்து வைத்திருக்கும். பெண் மீனுக்கு நிறமில்லை. எதுவாயினும் போதும் என்று எண்ணுவதே பெரும் பிழையாகும்.

மறைந்து நிற்கும் நிறம்

பொன்னிறம், வெளிறிய நிறம், செங்கண்ணுடைய வெண்மை முதலிய உடல் நிறங்கள் பால் சாராத மற்றைய நிறமூர்த்தங்களில் அமைந்தவை. இவை பின்னிடைவான இயல்புகள். அதாவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளித்தோன்றா.

தூய பொன்னிற மீனைத் தூய சாம்பல்நிற மீனோடு சேர்த்தால் முதற் சந்ததி முழுவதும் சாம்பல் நிறமாகவே இருக்கும். பொன்னிறம் தொலைந்துவிட்டதென எண்ணி அவற்றைக் கழித்துவிடலாகாது. அவற்றைத் தம்முள் சேர்த்தால், அடுத்த சந்ததியில் நாலில் ஒரு பங்கு பொன்னிறமாகும்; 40 குஞ்சுகளில் ஏறக்குறைய 10 என எதிர்பார்க்கலாம். சாம்பல்நிற மீனொன்று பொன்னிறத்தை மறைத்து வைத்திருக்கிறதா என்று அறிய, அதனைப் பொன்னிற மீனோடு சேர்த்துப் பார்க்க. குஞ்சுகளிற் பாதி பொன்னிறமாயின், அது மறைத்து வைத்திருப்பது உறுதி.

தூய வழியைக் காத்தல்

விதைநெல் வயலிற் கலவன் கதிரைக் களைந்தெறிவதை நாம் அறிவோம். ஒரு பருவம் களையாது விட்டால் அடுத்த விதை கெடும். கப்பித் தொட்டியும் அவ்வாறே. கலப்பின மரக்கறி விதையின் பயிரிலிருந்து மீண்டும் விதை எடுத்தால் ஒருமைப்பாடு குலைவது போல, இரு வகைகளைக் கலந்து பெற்ற அழகிய மீனின் குஞ்சுகளும் பலவாறாகப் பிரியும்.

பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலிற் சேமித்து வைத்து, மீண்டும் ஆணைச் சேராமலே பல முறை குஞ்சு ஈனும். ஆதலால் கடையில் ஆண்களோடு கலந்திருந்து வாங்கிய பெண் ஈனும் குஞ்சுகளின் தந்தை எதுவெனக் கூறமுடியாது. வழியைத் தொடங்குவதற்குக் கன்னிப் பெண்களே ஏற்றவை.

குஞ்சுகள் பருவமடையுமுன் ஆண் பெண்ணைப் பிரித்தல் வேண்டும். ஆணின் குதத் துடுப்பு ஒடுங்கிக் கூராகும். பெண்ணின் துடுப்பு விசிறிபோல் நிற்பதோடு, வயிற்றின் பின்புறத்தில் கரிய பொட்டும் தோன்றும். ஐயமானவற்றைத் தனித்தொட்டியில் வைத்துப் பின்னர் தெளிக.

நிறம் முழுமைபெற்றபின் சிறந்த ஆண்களையும், அவற்றின் உடன்பிறந்த பெண்களுள் உடல்வாகும் வாலும் நன்கமைந்தவற்றையும் தெரிவு செய்க. ஒரே குடும்பத்தையே தொடர்ந்து சேர்த்தால் உடல் சிறுத்து, முதுகு வளைந்து, குஞ்சுத் தொகையும் குறையும். இதைத் தடுக்க, ஒரே வகையை இரண்டு மூன்று தொட்டிகளில் தனிக் குடும்பங்களாக வளர்த்து, சில சந்ததிகளுக்கு ஒருமுறை ஒன்றின் பெண்ணை மற்றொன்றின் ஆணோடு சேர்க்க. ஒவ்வொரு தொட்டிக்கும் பெயரும் திகதியும் எழுதிய குறிப்பேடு வைத்திருத்தல் இன்றியமையாதது.

பட்டிப்பொலவின் குளிரும் நீரும்

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்திலுள்ளது. இலங்கையின் நிலையங்களுள் மிக உயர்ந்தது இதுவே. கப்பிக்கு ஏற்ற நீரின் வெப்பம் 24 முதல் 26 பாகை செல்சியசு. 18 பாகைக்குக் கீழ் மீன் சோர்ந்து, தீவனம் மறுத்து, வளர்ச்சியும் குன்றும். எனவே இங்கு வெளித் தொட்டியில் வளர்ப்பு பயன் தராது. வீட்டினுள்ளே, வெப்பச் சீராக்கி பொருந்திய நீர்சூடாக்கியோடு வளர்த்தல் வேண்டும். மின்செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, முதலில் இரண்டு மூன்று தொட்டிகளோடு தொடங்குக.

தாழ்நாட்டில் எழுதப்பட்ட நூலிலுள்ள வாரக் கணக்கை அவ்வாறே இங்கு பின்பற்றலாகாது. குளிர்ந்த நீரில் நிறம் தாமதித்தே தோன்றும். ஆறு வாரத்தில் நிறமில்லை என்று நல்ல ஆண்களைக் கழிப்பவர் தம் சிறந்த வித்தைத் தாமே எறிகின்றார். நாட்களை எண்ணாது மீனின் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொள்க.

மலைநாட்டு ஓடைநீரில் சுண்ணச்சத்து குறைவு. கப்பியோ சற்றுக் காரத்தன்மையும் சுண்ணச்சத்தும் உள்ள நீரை விரும்பும். நன்கு கழுவிய சிப்பி ஓடுகள் சிலவற்றைத் தொட்டியில் இடுக.

தீவனம்

பசளை எவ்வளவு இட்டாலும் வெள்ளை முள்ளங்கி சிவப்பாகாது. ஆனால் நல்ல இனமும் பசளையின்றேல் சிறக்காது. நிறமும் அப்படியே. பரம்பரையில் இல்லாத நிறத்தைத் தீவனம் தராது. உள்ள செம்மஞ்சளை அது மிகுவிக்கும். பச்சைப் பாசி, நீர்த்தெள்ளு, நுளம்புக் குடம்பி ஆகியவற்றைக் காய்ந்த தீவனத்தோடு மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகக் கொடுக்க. எஞ்சிய தீவனம் நீரைக் கெடுக்கும்.

எச்சரிக்கை

பூச்சிகொல்லி மீனுக்குப் பெருநஞ்சு. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரற் பாத்திகளுக்கு மருந்து தெளித்த கையோடு தொட்டியைத் தொடாதீர். தெளிகருவி கழுவிய வாளியையும் தோட்டத்து வடிகால் நீரையும் பயன்படுத்தாதீர்.

பெண் மீனுக்கு ஓமோன் ஊட்டி நிறமூட்டி விற்போரும் உளர். அத்தகைய மீன் பெரும்பாலும் மலடாகும். பளிச்சென்ற நிறமுடைய பெண்ணைக் கண்டால் விசாரித்தே வாங்குக.

கழித்த மீன்களை ஓடையில் விடவே கூடாது. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளி நமக்கு அருகில் உள்ளது. அங்கு ஊற்றெடுக்கும் நீர் தாழ்நாடு நோக்கி ஓடுகிறது. அவ்வாறு சென்ற அயல்மீன் அங்குள்ள நம் நாட்டு மீன்களுக்கு இடையூறாகலாம்.

நினைவிற் கொள்க

1. தூய வழியில் வேற்று ஆணை விடாதீர்.
2. பெண்ணையும் ஆணைப்போலவே கவனித்துத் தெரிவு செய்க.
3. முதற் சந்ததியில் மறைந்த நிறம் அடுத்ததில் வெளிப்படும்; அவசரப்பட்டுக் கழிக்காதீர்.
4. பருவமடையுமுன் ஆண் பெண்ணைப் பிரிக்க.
5. குறிப்பேடின்றி வழி காக்க முடியாது.

தொழிலை விரிவாக்க விரும்புவோர், தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரை நாடி ஆலோசனை பெறலாம். தொட்டி வாங்குமுன் மீனை யார் வாங்குவர், என்ன விலைக்கு வாங்குவர் என்பதையும் விசாரித்தறிக. வித்தைத் தெரிந்து விதைப்பவனுக்கே விளைவும் உறுதியாகும்.