ஆப்பிரிக்கக் குதிரைச் சஃபாரி

ஆப்பிரிக்கக் குதிரைச் சஃபாரி என்பது ஆப்பிரிக்காவின் புல்வெளிகள், சதுப்பு நிலங்கள், பாலைவனங்கள், மலைகள் ஆகியவற்றின் ஊடாகக் குதிரைமீது சென்று காட்டு விலங்குகளையும் நிலக்காட்சிகளையும் காணும் பயணம் ஆகும். போட்சுவானா, கென்யா, தன்சானியா, தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளில் இது பெரிதும் நடைபெறுகிறது. சில மணி நேரச் சவாரி முதல் பத்து நாட்கள் நீளும் நெடும்பயணம் வரை இதில் பல வகைகள் உள்ளன.

ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குக் குதிரை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்கு ஆகும். அங்குள்ள சிங்கத்திற்கு அது இரை. பூச்சிகள் பரப்பும் நோய்களுக்கு அது எளிதில் பலியாகும். ஆகவே குதிரையை நலத்துடன் வைத்திருப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி வேலையாக உள்ளது.

சொற்பிறப்பு

சஃபாரி என்பது பயணம் எனப் பொருள்படும் சுவாகிலி மொழிச் சொல்லாகும். இது பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து தோன்றியது. தமிழில் வழங்கும் 'சவாரி' என்னும் சொல் பாரசீக மூலத்தைக் கொண்டது. இவ்விரு சொற்களும் ஒலியில் ஒத்திருப்பினும் தமக்குள் தொடர்பற்றவை.

வரலாறு

வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி அரசுகளிலும் குதிரை நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. கண்டத்தின் தென்முனைக்கோ அது கடல்வழியாகவே வந்தது. 1652இல் கேப் பகுதியில் குடியேற்றம் அமைத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, அடுத்த ஆண்டில் சாவகத்திலிருந்து சில குதிரைகளை அங்கு இறக்கியது. பின்னர் வேறு இனக் குதிரைகளும் கலந்து, கேப் குதிரை என்னும் உறுதியான இனம் உருவானது.

19ஆம் நூற்றாண்டில் குதிரை வேட்டைக்குப் பயன்பட்டது. பம்பாய்ப் படையில் பொறியாளராக இருந்த வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ், உடல்நலம் தேறுவதற்காக 1836இல் கேப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து உள்நாட்டிற்கு வேட்டைப் பயணம் மேற்கொண்டார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெடரிக் செலூஸ் போன்ற வேட்டைக்காரர்களும் குதிரைமீது சென்றனர். எனினும் செட்சி ஈக்கள் வாழும் பகுதியை நெருங்கியதும் குதிரைகளைப் பின்னே விட்டுவிட்டு நடந்தே செல்ல வேண்டியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூற்றாண்டின் பிற்பகுதியில், வேட்டைக்காக அன்றி விலங்குகளைக் காண்பதற்காக நடத்தப்படும் குதிரைப் பயணங்கள் ஒரு சுற்றுலாத் தொழிலாக வளர்ந்தன.

நோய்கள்

ஆப்பிரிக்கக் குதிரை நோய் இவற்றுள் மிகக் கொடியது. இது ஒரு தீநுண்மத்தால் உண்டாகிறது. கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்டிஸ் என்னும் கடிபூச்சி இதைப் பரப்புகிறது. கடுங்காய்ச்சல், கண்ணுக்கு மேலுள்ள குழிகள் வீங்குதல், மூச்சுத்திணறல், மூக்கிலிருந்து நுரை வடிதல் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். நுரையீரலைத் தாக்கும் வகையில், நோயுற்ற குதிரைகளில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்துவிடுகின்றன. வரிக்குதிரையோ இந்நோயை எவ்வித அறிகுறியும் இன்றித் தாங்கிக்கொள்வதோடு, தீநுண்மத்தின் இருப்பிடமாகவும் விளங்குகிறது. பயணிகள் காண விரும்பும் விலங்கே அவர்களைச் சுமக்கும் குதிரைக்கு ஆபத்தாக உள்ளது.

1854-55இல் கேப் பகுதியில் பரவிய இந்நோயால் ஏறத்தாழ 70,000 குதிரைகள் மடிந்தன. நோயுற்றுப் பிழைத்த குதிரைகளை 'உப்பேறிய குதிரைகள்' என அக்கால வேட்டைக்காரர்கள் அழைத்தனர். அவற்றுக்கு மிக உயர்ந்த விலை கொடுக்கப்பட்டது. 1959 முதல் 1961 வரை இந்நோய் மேற்கு ஆசியா வழியாகப் பாக்கித்தான், இந்தியா வரை பரவி, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட குதிரை இன விலங்குகளைக் கொன்றது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் ஆர்னால்டு தைலர், 1908இல் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டெபோர்ட்டில் நிறுவிய ஆய்வுக்கூடம் இந்நோய் பற்றிய ஆய்வுகளுக்கு மையமானது. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் இரு தவணைகளாகத் தடுப்பூசி போடப்படுகிறது. இத்தீநுண்மத்தில் 9 வகைகள் இருப்பதால் தடுப்பூசி மட்டும் முழுக்காப்பு ஆகாது. கடிபூச்சிகள் அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் மிகுதியாகக் கடிப்பதால், மழைக்குப் பிந்தைய மாதங்களில் குதிரைகளைப் பொழுது சாயும் முன்பே லாயத்தில் அடைத்து, வெயில் ஏறிய பின்னரே வெளியில் விடுகின்றனர். நாள்தோறும் உடல்வெப்பமும் அளக்கப்படுகிறது. முதல் உறைபனி விழுந்து பூச்சிகள் அழியும்போது நோய்க்காலம் முடிவுக்கு வருகிறது.

செட்சி ஈ பரப்பும் நகானா இரண்டாவது நோயாகும். போட்சுவானாவின் ஒக்கவாங்கோ கழிமுகப் பகுதியில் 2001, 2002 ஆண்டுகளில் வானூர்தியிலிருந்து பூச்சிமருந்து தெளித்து இந்த ஈ ஒழிக்கப்பட்டது. இவையன்றி உண்ணிகள் பரப்பும் குருதி நோயும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் குதிரையின் காது, பிடரி, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி பார்க்கப்படுகிறது.

காட்டு விலங்குகளும் குதிரையும்

குதிரையில் செல்பவரை வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான் ஆகியவை பெரும்பாலும் மிக அருகில் வரவிடுகின்றன. குதிரைமீது அமர்ந்தவரின் தோற்றம், நடந்து செல்லும் மனிதனின் தோற்றத்திலிருந்து வேறுபடுகிறது. குதிரையின் மணம் மனித மணத்தை ஓரளவு மறைக்கிறது. இயந்திர ஒலியும் இல்லை. குதிரையின் காதுகளும் வழிகாட்டிக்கு உதவுகின்றன. அது ஒரு புதரை நோக்கிக் காதுகளை நிறுத்தி நின்றுவிட்டால், அங்கே ஏதோ இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

ஆபத்தான விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறை விலங்குக்கு விலங்கு மாறுபடுகிறது.

சிங்கம்: அஞ்சினால் ஓடுவது குதிரையின் இயல்பு, ஓடுவதைத் துரத்துவது சிங்கத்தின் இயல்பு. எனவே சிங்கத்தைக் கண்டால் எக்காரணம் கொண்டும் ஓடக்கூடாது. குதிரைகளை நெருக்கமாக நிறுத்தி, சிங்கத்தின் பக்கம் முகம் காட்டி, மெல்ல விலக வேண்டும். வழிகாட்டி நீண்ட சாட்டையைச் சொடுக்கி ஒலியெழுப்புவதும் உண்டு.

யானை: காற்று வீசும் திசையைக் கணித்து, தொலைவில் நின்றே காண வேண்டும். யானை பாய்ந்து வந்தால் உடனே விலகியோட வேண்டும். திறந்த வெளியில் குதிரை யானையைவிட விரைவாக ஓடும். புதர்க்காட்டிலோ குதிரை சுற்றிச் செல்ல வேண்டிய மரங்களை யானை முறித்துக்கொண்டு நேரே வந்துவிடும். ஆகையால் அடர்ந்த புதருக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியை வழிகாட்டி பார்த்து வைத்திருப்பார்.

முதலையும் நீர்யானையும்: ஒக்கவாங்கோவில் குதிரைகள் சேணம் நனையும் அளவு நீரில் நடந்து செல்கின்றன. ஆழமான கால்வாய்களும் கலங்கிய நீர்நிலைகளும் தவிர்க்கப்படுகின்றன.

பணியாளர்கள்

ஒரு சவாரிக் குழுவில் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேல் இருப்பதில்லை. தலைமை வழிகாட்டி முன்னாலும், துணை வழிகாட்டி பின்னாலும் செல்வர். தலைமை வழிகாட்டிக்குக் குதிரையேற்றத்துடன் தடம் அறிதல், விலங்குகளின் நடத்தை, முதலுதவி ஆகியவற்றில் தேர்ச்சி தேவை. பல இடங்களில் அவர் துப்பாக்கியும் ஏந்துவார். கென்யாவில் 1996இல் தொடங்கப்பட்ட தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, பொன் என மூன்று நிலைகளில் தேர்வு நடத்துகிறது.

குதிரைப் பராமரிப்பாளர்கள் இத்தொழிலின் முதுகெலும்பு ஆவர். கென்யாவில் இவர்கள் 'சைஸ்' எனப்படுகின்றனர். அரபு மூலத்தைக் கொண்ட இச்சொல், குதிரைக்காரரைக் குறிக்க இந்தியாவில் வழங்கியது. ஆங்கிலேயர் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவியது. விடியும் முன் தீனி வைத்தல், தேய்த்துவிடுதல், சேணம் பூட்டுதல், லாடம் பார்த்தல், சேணம் உராய்ந்த புண்களுக்கு மருந்திடுதல் ஆகியவை இவர்களது பணிகள். நெடும்பயணங்களில் முகாம் நாள்தோறும் இடம் மாறும்போது, இவர்களில் சிலர் இரவில் நெருப்பு மூட்டிக் குதிரைகளுக்குக் காவல் இருப்பர்.

வெளிநாட்டு இளைஞர்கள் சில மாதங்கள் தங்கி வேலை செய்யவும் வருகின்றனர். நாள்தோறும் காட்டில் சவாரி செய்வதே இவ்வேலை எனக் கருதி வருவோர் ஏமாற்றமடைவதுண்டு. சாணம் அள்ளுதல், தோற்பொருட்களுக்கு எண்ணெயிடுதல், இளங்குதிரைகளைப் பழக்குதல், விருந்தினரைக் கவனித்தல் ஆகியவற்றிலேயே பெரும்பாலான நேரம் செல்கிறது. ஊதியம் பெறும் வேலைக்கு அந்நாட்டு அரசின் பணி அனுமதி கட்டாயமாகும்.

பயணிகளுக்கான தகுதிகள்

ஆபத்தான விலங்குகள் உள்ள பகுதிகளில் புதிதாகக் குதிரையேறுவோர் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் அமரவும், நாலுகால் பாய்ச்சலில் குதிரையை அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளில் வழிகாட்டி ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்க்கிறார். குதிரையின் முதுகைக் காப்பதற்காகப் பயணியின் எடைக்கும் வரம்பு உண்டு. இது பல இடங்களில் 85 முதல் 95 கிலோகிராம் வரை உள்ளது. வழிகாட்டியை முந்திச் செல்லக்கூடாது என்பது எங்கும் பொதுவான விதியாகும்.

முக்கிய இடங்கள்

ஒக்கவாங்கோ, போட்சுவானா: அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழைநீர் பல மாதங்கள் கழித்து இங்கு வந்து சேர்வதால், வறண்ட பருவத்திலேயே வெள்ளம் உச்சமடைகிறது. 2014இல் உலகப் பாரம்பரியக் களமானது.

மாசாய் மாரா, கென்யா: காப்பகத்தைச் சூழ்ந்த மாசாய் மக்களின் நிலங்களிலுள்ள பாதுகாப்புப் பகுதிகளில் சவாரிகள் நடைபெறுகின்றன.

நமீப், நமீபியா: உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள சுவாகோப்முண்டு வரை ஏறக்குறைய 400 கி.மீ. பயணம் மேற்கொள்ளப்படுகிறது. இங்குக் காட்டு விலங்குகளைவிட வெப்பமும் நீரின்மையுமே பெரிய சோதனையாகும்.

லெசோத்தோ: நாடு முழுவதும் 1,400 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது. மலைச்சிற்றூர்களில் பசூட்டோ மட்டக்குதிரை இன்றும் அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுகிறது. இங்கு நடைபெறுவது விலங்கு காணும் சஃபாரி அன்று. உள்ளூர் மக்களுடன் செல்லும் மலைப்பயணமாகும்.

பொருளாதாரமும் சூழலும்

குதிரைக்குச் சாலை தேவையில்லை. அதன் குளம்புகள் வண்டிச் சக்கரங்களைப் போல நிலைத்த தடங்களை உண்டாக்குவதில்லை. எனினும் வெளியிலிருந்து கொண்டுவரும் வைக்கோல் வழியாகக் களைவிதைகள் பரவ வாய்ப்புள்ளது.

தொழில் முடங்கும்போது இதன் சுமை தெளிவாகத் தெரிகிறது. 2020இல் கோவிட்-19 தொற்றால் சுற்றுலா நின்றபோது, வண்டிகளை நிறுத்தி வைக்க முடிந்தது. குதிரைகளுக்கோ நாள்தோறும் தீனியும் மருந்தும் காவலும் தேவைப்பட்டன. பயணி வந்தாலும் வராவிட்டாலும் பராமரிப்பாளரின் வேலை விடியும் முன்பே தொடங்குகிறது.

இவற்றையும் பார்க்க

ஆப்பிரிக்கக் குதிரை நோய்
செட்சி ஈ
ஒக்கவாங்கோ கழிமுகம்
பசூட்டோ மட்டக்குதிரை