குருதி சிந்தும் கதையும் காண்போர் கடமையும்

கொலையும் போரும் மலிந்த ஒரு கதையைக் காணும்போது நம் உள்ளத்திலே இரண்டு குரல்கள் எழுகின்றன. இதனைக் காண்பது தகுமா என்பது ஒரு குரல். அடுத்து என்ன நடக்கும் என்பது மற்றக் குரல். பெரும்பாலும் இரண்டாவது குரலே வென்றுவிடுகின்றது. கதை முடிந்த பின்னர் முதலாவது குரலுக்கு நாம் என்ன விடை சொல்வது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசுவதிலும் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துப் பேசுதல் நலம். ஆகவே யப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அதன் பெயர் 'வின்லாண்ட் சாகா'.

யப்பானியர் 'அனிமே' என வழங்கும் சித்திரப் படங்களை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே காண்கின்றார்கள். சித்திரம் என்றவுடன் அது சிறுவர்க்கு உரியது என்று எண்ணிப் பெரியோர் அப்பாற் சென்றுவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. 1963 ஆம் ஆண்டில் ஒசாமு தெசூக்காவின் இயந்திரச் சிறுவன் கதை தொலைக்காட்சியில் வரத் தொடங்கிய காலம் முதலாக இக்கலை பல கிளைவிட்டுப் பரந்துள்ளது. சிறுவர்க்கென ஆக்கப்படுபவை உள. முதிர்ந்தோர்க்கென ஆக்கப்படுபவையும் உள. வின்லாண்ட் சாகா இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மக்கோத்தோ யுக்கிமுரா என்பவர் 2005 இல் இதனைச் சிறுவர் வார இதழொன்றிலே படக்கதையாகத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அது வளர்ந்தோர் படிக்கும் மாத இதழுக்கு மாறியது. 2025 இல் நிறைவெய்தியது. தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவம் 2019 இலும் இரண்டாம் பருவம் 2023 இலும், ஒவ்வொன்றும் 24 பகுதிகளாக வெளிவந்தன. இரண்டையும் நெறிப்படுத்தியவர் சூகெய் யபுத்தா.

கதை நிகழும் காலம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். தென்மார்க்கு மன்னன் சுவெயின் இங்கிலாந்தின்மீது படையெடுத்த காலம். சுவெயினும், 1016 இல் இங்கிலாந்தின் அரசனான அவன் மகன் கனூட்டும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். கதைத் தலைவனாகிய தோர்பினும் ஐஸ்லாந்தின் பழங்கதைகளிற் பேசப்படுபவனே. அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்கக் கரையிலே குடியேற முயன்றவன் அவன் என்று அவை கூறும். அந்தக் கரைநாட்டுக்கு வடநாட்டார் இட்ட பெயரே வின்லாண்ட்.

தோர்பினின் தந்தை தோர்ஸ், ஒருகாலத்தில் ஒப்பற்ற போர்வீரன். தன் மகள் பிறந்த பின்னர்ப் போரை வெறுத்து ஐஸ்லாந்திலே ஒதுங்கி வாழ்கின்றான். ஒருநாள், தப்பியோடி வந்து சாகும் தறுவாயிற் கிடந்த அடிமை ஒருவனை உடையவனிடமிருந்து எட்டு ஆடுகள் கொடுத்து வாங்குகின்றான். பிழைக்கமாட்டான் எனத் தெரிந்தும் வாங்குகின்றான். பயன் கருதாத இச்செயல் தொடரின் தொடக்கத்திலேயே வருவது. பின்னர் வருவனவற்றையெல்லாம் அளக்கும் கோல் இதுவே என்பதை நாம் நினைவில் இருத்தல் வேண்டும். அத்தகையவனைக் கூலிப்படைத் தலைவன் அஸ்கலாட் சூழ்ச்சியாற் கொல்கின்றான். கண்ணெதிரே அதனைக் கண்ட சிறுவன் தோர்பின் பழிவாங்கச் சபதம் செய்கின்றான். முறையான இருவர் போரிலேயே கொல்லவேண்டும் என்பது அவன் பிடிவாதம். அந்த வாய்ப்பைப் பெறுவதற்காக அஸ்கலாட்டின் கூட்டத்திலேயே சேர்ந்து, அவன் ஏவிய இடமெல்லாம் சென்று, ஆண்டுக்கணக்காக மனிதரைக் கொல்கின்றான். தந்தையைக் கொன்றவனைக் கொல்வதற்காகப் பிறருடைய தந்தையரைக் கொன்று திரியும் இந்த முரணே முதற் பருவத்தின் உயிர்நிலை.

இனி, மதிப்பீட்டுக்கு வருவோம். வன்முறை மிக்க கதையை மதிப்பிடும்போது சிந்திய குருதியின் அளவைப் பார்த்தல் போதாது. கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் களத்திலே கூழ் அடுவதைப் படித்த தமிழர், குருதி வருணனை ஒன்றினாலேயே ஒரு நூலைத் தள்ளிவிடமாட்டார்கள். நாம் கேட்கவேண்டியது வேறு. இக்கதை இறந்தவர்களைக் கணக்கில் வைத்திருக்கின்றதா? அன்றி, வீழ்ந்தவுடன் மறந்துவிடுகின்றதா?

இரண்டு காட்சிகளைச் சொல்கின்றேன். கரைசேர்ந்து கிடந்த சிறுவன் தோர்பினை ஆங்கிலத் தாய் ஒருத்தி தன் வீட்டுக்குக் கொண்டுசென்று உணவளித்து, இறந்துபோன தன் மகனின் நினைவோடு அவன் தலையை வாரிவிடுகின்றாள். அவனோ இரவிலே அவ்வூரில் தீமூட்டித் தன் கூட்டத்தாருக்கு அடையாளம் காட்டுகின்றான். மற்றது, குளிர்காலத்திலே உணவின்றி வந்த அஸ்கலாட்டின் படை ஒரு சிற்றூரைச் சேரும் காட்சி. அங்குள்ள உணவு இருசாராருக்கும் போதாது. ஊராரை விட்டுவைத்தால் செய்தி பகைவரை எட்டிவிடும். ஆகவே எல்லோரையும் வெட்டிவிடுமாறு தலைவன் பணிக்கின்றான். அந்தப் பகுதி நமக்கு முதலில் அறிமுகம் செய்வது வீரர்களையன்று, அவ்வூர்க் குடும்பமொன்றையே. வறுமையிலும் வழிபாடு செய்துவிட்டு உண்ண அமரும் பெற்றோர், களவாடிய மோதிரமொன்றை ஒளித்துவைத்துப் பாவம் வருமோ என்று கலங்கும் ஒரு பெண்பிள்ளை. அவள் மட்டுமே தப்புகின்றாள். அதுவரை அஸ்கலாட்டின் நாவன்மையை இரசித்துக்கொண்டிருந்த நாம் அவ்விடத்தில் வெட்கித் தலைகுனிகின்றோம். பெருமிதம் என்று நாம் எண்ணியது இளிவரலாக மாறுகின்றது. அதனை ஆக்கியோர் வேண்டுமென்றே செய்தனர் என்றே நான் கொள்கின்றேன்.

இங்கே பாத்திரங்களை மதிப்பிடுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு பாத்திரம் நம்மைக் கவர்வது வேறு. அதன் செயல் சரியென்று நாம் தீர்ப்பளிப்பது வேறு. அஸ்கலாட்டை விரும்பாத பார்வையாளர் அரியர். அவன் தென்மார்க்குப் பெருங்குடியாளன் ஒருவனுக்கும் வேல்சு நாட்டு அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவன். தாயை இழிவுசெய்த தந்தையை வெறுத்தே வளர்ந்தவன். ஈற்றிலே தாயின் நாட்டையும் இளவரசன் கனூட்டையும் காப்பதற்காக, பித்தன்போல நடித்து மன்னன் சுவெயினை அவையிலே வெட்டித் தானும் மடிகின்றான். வரலாற்றிலே சுவெயின் 1014 இல் இறந்தான்; வெட்டுண்டு இறந்தான் என்பது கதையாசிரியரின் கற்பனை. அவன் முடிவு நம் கண்ணை நனைக்கின்றது. ஆயினும் அந்தக் கண்ணீர் பனியிலே கிடந்த அவ்வூராரின் பிணங்களை மறைத்துவிடலாகாது. அவன் துயரம் அவனை விளங்கிக்கொள்ள உதவும்; அவனுக்கு மன்னிப்பு வழங்கும் உரிமையை நமக்குத் தராது. அது அந்த மோதிரச் சிறுமிக்கே உரியது.

இரண்டாம் பருவத்தைக் கண்ட பலர், கதை மந்தமாகிவிட்டது, போரைக் காணோம் என்று சலித்துக்கொண்டனர். அச்சலிப்பையே நாம் ஆராய்தல் வேண்டும். பழிவாங்கும் இலக்கும் பறிபோன தோர்பின் அடிமையாக விற்கப்பட்டு, யுத்லாந்திலே ஒரு பண்ணையிற் காடு வெட்டிக் கோதுமை விளைவிக்கின்றான். அவனோடு வேலைசெய்பவன் ஐனார், போரிலே தாயையும் தங்கையையும் இழந்த உழவன். ஊர்களைச் சூறையாடியவனும் சூறையாடப்பட்டவனும் ஒரே மரத்தின் வேரைச் சேர்ந்து இழுக்கின்றார்கள். தோர்பின் யாரென்று அறிந்தபின் ஐனாரின் உள்ளம் படும் பாடும், அதனைக் கடந்து வளரும் நட்பும், எந்த வாட்போரிலும் காணாத பதற்றத்தை எனக்குத் தந்தன. இரவிலே தோர்பின் அலறி எழுகின்றான். கனவிலே, தான் கொன்றவர்கள் அவன் காலைப் பற்றி இழுக்கின்றார்கள். அவர்களை உதறிவிட அவனால் இயலாது. சுமந்துகொண்டே மேலேறவேண்டும் என்பதே அங்கு அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை. முதற் பருவத்தில் எதிர்நின்று வீழ்ந்த உருவங்களாகவே நாம் கண்டுகழித்தவர்கள் இங்கே முகங்களோடு திரும்பி வருகின்றார்கள். கணக்கு மூடப்படவில்லை.

கருப்பொருளை மதிப்பிடும்போது, பாத்திரம் பேசுவதை விட்டுச் செய்வதைப் பார்த்தல் வேண்டும். தனக்குப் பகைவர் எவருமில்லை என்னும் தந்தையின் போதனையை மகன் வாயாற் சொல்லிவிடுதல் எளிது. பண்ணையைப் பறிக்க மன்னன் கனூட் படையோடு வந்தபோது, அவனைச் சந்திக்க வழிகேட்ட தோர்பின், பேருருவங்கொண்ட வீரன் ஒருவனின் நூறு குத்துகளை எதிர்த்துக் கையோங்காமல் ஏற்று நிற்கின்றான். அங்குதான் போதனை செயலாகின்றது. எதிரே நிற்கும் கனூட்டும் கொடியவனல்லன். நிலவுலகிலே நல்லதொரு நாட்டை ஆக்கவேண்டும், அதற்காகச் சிலரை அழித்தாலும் தகும் என்பது அவன் கொள்கை. சிலரை அழிக்காமலே புதிய நிலம் தேடிச் செல்வோம் என்பது தோர்பினின் கொள்கை. ஒரே நோக்கமுடைய இருவர் வழியிலே பிரிகின்றனர். அவ்விருவரிடையே நம்மைத் தீர்ப்பளிக்கச் செய்வதே இத்தொடரின் சிறப்பு.

குறையும் உண்டு, அதனைச் சொல்லாமல் விடுதல் நடுநிலையாகாது. தோர்க்கெல் என்னும் பேராற்றல் படைத்த வீரன் சிரித்துக்கொண்டே மனிதரை வீழ்த்தும் காட்சிகள், போரை ஒரு விளையாட்டாகவே நமக்கு ஊட்டுகின்றன. வன்முறையைக் கண்டிக்கும் கதை அதன் சுவையையும் விற்றுக்கொள்கின்றது. அன்றியும், பண்ணையிலே அடிமையாயிருந்த ஆர்ணெய்து என்னும் பெண் அடியுண்டு மாளும் துயரம், பெரிதும் ஆடவரின் மனமாற்றத்துக்கு ஒரு படியாகவே பயன்படுகின்றது. அவளுக்கென ஒரு கதை இருந்தது. அதற்கு உரிய இடம் தரப்படவில்லை.

நேயர்களே, இத்தொடர் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகள் காண்பார்களாயின், தடுப்பதிலும் உடனிருந்து காண்பதே மேல். ஒரு பகுதி முடிந்ததும், யார் வென்றான் என்று கேளாதீர்கள். இன்று இறந்தவர்களில் யாருடைய முகம் உனக்கு நினைவிருக்கின்றது என்று கேளுங்கள். விடை சொல்லப் பிள்ளை தடுமாறினால், அத்தடுமாற்றத்திலிருந்தே உரையாடலைத் தொடங்கலாம். அவ்வினாவை நம்மிடமும் நாமே கேட்டுக்கொள்வோமாக.