பொறையும் றிவோல்வரும்

பொறை என்னுஞ் சொல் பாரத்தையுங் குறிக்கும், பொறுமையையுங் குறிக்கும். தாங்குதல் என்னும் ஒரு கருத்தினின்றே இரண்டும் கிளைத்தன. வள்ளுவர் பொறையுடைமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தார். முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை மாணாக்கருக்கு விளக்கி வருகின்றேன். ஆயினும் இவ்விரு பொருளும் ஓரிடத்தில் ஒருங்கே நிற்பதை யான் கண்ணாரக் கண்டது 2023ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரிலேயாம். அதனை எனக்குக் காட்டியது ஒரு சிறிய றிவோல்வர் என்றால் அன்பர்கள் நகைத்தலுங் கூடும்.

உறவினர் திருமணத்தின்பொருட்டு அங்கே சென்ற யான், என் பழைய மாணாக்கர் ஒருவரின் இல்லத்தில் நான்கு நாள் தங்கினேன். பெற்றோல் நிலையக் கடையொன்றில் அவருக்கு இரவு வேலை. முதல் நாள் மாலை புறப்படுமுன் அவர் சிறிய இரும்புப் பெட்டகமொன்றைத் திறந்தார். கரிய கருவியொன்றை எடுத்துத் தோலுறையிலிட்டு, உறையோடு காற்சட்டைப் பையில் வைத்தார். யான் கண்டதை அவருங் கண்டார்.

“ஐயா குறை நினைக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு கத்தியோடு ஒருவன் கடைக்குள் வந்தான். காசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காசு போனாற் போகட்டும். அதன் பிறகு, கடையைப் பூட்டிவிட்டுக் காருக்குப் போகும் அந்த ஐம்பது அடி தூரமே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது” என்றார்.

எனக்கு விடை தோன்றவில்லை. துவக்கின் ஓசையைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர் நாம். 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் அக்கருவியைக் கண்டால் நெஞ்சு துணுக்குறுகின்றது. அன்றியும், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமென 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் விதித்திருக்கின்றது. இவரோ மழைக்குக் குடை எடுத்துச் செல்வார்போல அதனை எடுத்துச் செல்கின்றார்.

நிற்க. அச்சிறு கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. சுழலும் உருளையில் ரவைகளை அடக்கிய துவக்குக்குச் சாமுவேல் கோல்ற் என்பார் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உலோகக் கூட்டிலடங்கிய ரவைகளை இடும் சிறிய றிவோல்வரைச் சிமித் வெசன் நிறுவனத்தார் 1857இல் விற்பனைக்கு விட்டனர். பையில் அடங்கும் ஐந்து ரவைக் கருவியொன்றை அவர்களே 1950இல் வெளியிட்டனர். என் மாணாக்கரிடம் இருந்தது அதன் வழிவந்தது. உடல் அலுமினியக் கலவை. குழல் இரண்டங்குலத்துக்குங் குறைவு. ரவையின்றி நிறுத்தால் ஏறத்தாழப் 15 அவுன்ஸ். எடுக்கும்போது துணியிற் சிக்காதவாறு அதன் சுத்தியலை உள்ளே மறைத்திருக்கின்றனர். தனியே பூட்டு விசை இல்லை. விசைவில்லை நெடுந்தூரம் வலிந்து இழுத்தாலன்றி வெடியாது என்பதே அதன் காவல். ஆதலால் விசைவில்லை மூடும் உறையின்றி அதனைப் பையிலிடலாகாது. அப்பையில் ஒரு திறப்போ நாணயமோ இருத்தலுமாகாது.

“சிறியது என்பதால் எளியது என்று எண்ணவேண்டாம் ஐயா. குழல் குறுகியதால் குறி தப்பும். எடை குறைந்ததால் சுட்டால் கையை உதைக்கும். மாதந்தோறும் பயிலாவிட்டால் இது வெறும் இரும்பு” என்றார் அவர்.

சட்டத்தையும் கேட்டறிந்தேன். மறைத்தெடுத்துச் செல்லத்தக்க துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென நியூயோர்க் மாநிலம் 1911இலேயே சட்டம் இயற்றிற்று. அதனைப் பெறத் தனித்த காரணங் காட்டவேண்டும் என்னும் விதியை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022இல் நீக்கிற்று. ரெக்சாஸிலோ, 21 வயது நிரம்பி, சட்டத்தால் விலக்கப்படாத எவரும் 2021 செப்டெம்பர் முதல் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துவக்கு கொண்டு செல்லலாம். கதவு இத்துணை அகலத் திறந்த அம்மாநிலத்தின் தண்டனைச் சட்டக்கோவையிலும் ஒரு விதி என்னைக் கவர்ந்தது: பிறர் வாயாற் பழித்தார் என்பது மாத்திரம் பலப்பிரயோகத்துக்கு நியாயமாகாது. கலகத்தைத் தாமே மூட்டியவருக்கும் தற்காப்பு என்னும் அரண் எளிதிற் கிட்டாது.

இவ்விதியின் உட்பொருளை மூன்றாம் நாள் உணர்ந்தேன். கடைத்தெருவிற் காரை நிறுத்த முயன்றபோது வேறொருவர் குறுக்கே புகுந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டார்; இறங்கிவந்து இவரை ஏசவுஞ் செய்தார். பாடசாலை நாட்களில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுத்த பிள்ளை இவர். என் நெஞ்சு படபடத்தது. இவரோ கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக் காரைப் பின்னெடுத்தார்.

“தம்பி, நீர் இப்படி அடங்கிப்போவீர் என்று யான் எண்ணவில்லை” என்றேன்.

“இது பையில் இல்லாத காலத்தில் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன் ஐயா. இப்போது முடியாது. நான் வளர்த்த சண்டையில் இதற்கு வேலை வந்தால் சட்டம் என்னை விடாது, சட்டம் விட்டாலும் மனம் விடாது” என்றார்.

எனினும் என் அச்சம் முழுதும் நீங்கவில்லை. அந்நாட்டில் 2021இல் துவக்கினால் உயிரிழந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தவர்கள். அவ்வுயிரிழப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் அக்கருவி ஏந்தியவரையே நோக்கித் திரும்பியிருக்கின்றது. இவரோ தனியே வாழ்பவர். அன்றிரவு உணவின்போது தயங்கித் தயங்கி இதனைக் கேட்டேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அம்மா காலமான பிறகு இரண்டு மாதம் மனம் சரியில்லை ஐயா. அப்போது இதனை நண்பன் வீட்டில் கொடுத்துவைத்தேன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. வேலைக்கு வெறுங்கையோடுதான் போனேன்” என்றார்.

யான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். வேறொன்றும் சொல்ல இயலவில்லை. அக்கருவியை ஏந்தும் துணிவினும், ஏந்தத் தகாத காலம் இதுவென அறிந்து இறக்கிவைத்த துணிவு பெரிதென்றே எனக்குத் தோன்றிற்று. தகுதியறிந்து ஏந்துவோர் எத்தனை பேர், அறியாது ஏந்துவோர் எத்தனை பேர் என்னும் கவலையும் உடன் எழுந்தது. அந்நாட்டு வழக்கத்தை என் மனம் இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அந்த ஐம்பது அடி இருளை நடந்தறியாத யான் அவரைக் கடிந்துரைக்கவும் துணியேன்.

சென்ற திங்கள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பகல் வேலை கிடைத்துவிட்டதாம். பெட்டகம் பல நாளாகத் திறக்கப்படவில்லையாம். பாரமாகிய பொறையை இறக்கிவைத்தீர், நன்று; மற்றைப் பொறையை மாத்திரம் என்றும் இறக்கிவைக்க வேண்டாம் என்று மறுமொழி எழுதினேன்.