தொட்டி எலுமிச்சையும் பழைய கடலும்

மாணவர்களே! அரியலூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் எலுமிச்சைக் கன்றைத் தொட்டியில் வளர்த்தேன். தோட்டத்து மண்ணும் கிணற்று நீருமே அதன் உணவு. ஆறு மாதங்களில் அதன் கொழுந்து இலைகள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சை வரிகளாக நின்றன. உரம் போதவில்லை என்று எண்ணி யூரியா இட்டேன். அண்டை வீட்டார் சொன்னபடி துருப்பிடித்த ஆணிகளையும் புதைத்தேன். கன்று பட்டுப்போயிற்று. பிழை எங்கே?

விடை காண, நாம் பல கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் ஒரு பெரும்பகுதி கிரிடேசியஸ் காலத்தில் கடலில் மூழ்கியிருந்தது. சிப்பி, அம்மோனைட்டு முதலிய உயிர்களின் ஓடுகள் அதன் அடியில் படிந்தன. அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. இன்று சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பாறை அந்தக் கடலின் மிச்சமே. அந்தச் சுண்ணாம்புதான் எங்கள் தோட்டத்து மண்ணிலும் கலந்திருந்தது.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு கரண்டி உலர்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் அதனோடு வினைபுரிவதால் கரியமில வாயு வெளிவருகிறது.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் பி.எச். எண் பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும். எலுமிச்சைக்கு ஏற்றதோ 5.5 முதல் 7 வரை. இதில் இடர் என்ன? பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். ஆயினும் பச்சையத்தை உருவாக்க இரும்பும் தேவை. காரத்தன்மையில் இரும்பு, ஃபெரிக் ஹைட்ராக்சைடாக மாறிக் கரையாமல் நின்றுவிடுகிறது. இச்சேர்மத்தில் ஓர் இரும்பு அயனிக்கு மூன்று ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டு. ஆகவே பி.எச். ஓர் அலகு ஏறினால், கரைந்துள்ள ஃபெரிக் அயனியின் அளவு 10×10×10, அதாவது ஆயிரம் மடங்கு குறைகிறது! மண்ணில் இரும்பு இருந்தும் செடி பட்டினி கிடக்கிறது. ஆணியின் துருவும் கரையாத இரும்புதானே? அது எப்படி உதவும்?

யூரியாவும் தவறான மருந்தே. நைட்ரஜன் குறைந்தால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்போ பழைய இலையிலிருந்து கொழுந்துக்கு எளிதில் நகராது. எனவே கொழுந்துகள்தான் முதலில் வெளுக்கும்.

கிணற்று நீரும் குற்றவாளிதான். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெண்மையாகப் படியும் சுண்ணாம்பு, தொட்டியிலும் நாள்தோறும் சேர்கிறது. மழைநீரின் பி.எச். சுமார் 5.6, அதில் சுண்ணாம்பும் இல்லை.

அடுத்த கன்றுக்கு ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்தேன். அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியை நல்ல வெயிலில் வைத்தேன். சேமித்த மழைநீரை, மேல்மண் உலர்ந்த பின்னரே ஊற்றினேன். கொழுந்து சற்று வெளுத்தபோது, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் அரைமூடி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைகளில் தெளித்தேன். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட்டு. சிட்ரிக் அமிலம் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க உதவுகிறது. சில வாரங்களில் பசுமை திரும்பியது.

மூன்றாம் ஆண்டில் அக்கன்று காய்த்தது. முதற் பழத்தைப் பழைய தொட்டி மண்ணில் பிழிந்தேன், நுரை பொங்கியது. உங்கள் பள்ளித் தோட்டத்து மண் என்ன சொல்கிறது? செடியை நடுமுன் நீங்களும் சோதித்துப் பாருங்களேன்!