பள்ளித் தோட்டத்திற்குப் பொருள் தரும் வட்டாரத் தக்காளி

பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிள்ளைகள் பயிர்த்தொழிலை நேரில் கற்பதும், மதிய உணவில் பசுங்காய்கறிகள் சேர்வதும் இதன் நோக்கங்களாகும். இத்தகைய தோட்டங்களைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதே கடினம். தொடக்க உதவி தீர்ந்தபின் விதை, எரு, வேலி ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது? அதில் ஒரு பகுதியைத் தோட்டமே ஈட்டிக்கொள்ளத் தக்காளி நாற்று விற்பனை துணைபுரியும்.

ரகத் தேர்வு

எல்லா மண்ணுக்கும் ஏற்ற ஒரே ரகம் இல்லை. கேரளத்தின் புளிப்பு மண்ணிலும் ஈரமிக்க தட்பவெப்பத்திலும் பாக்டீரியா வாடல் நோய் தக்காளியைப் பெரிதும் அழிக்கிறது. ஆகவே, அந்நோயைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா ஆகிய ரகங்களைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா விகாஸ் ஓரளவு வறட்சியைத் தாங்கும். தமிழ்நாட்டின் பி.கே.எம். 1, அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டதாகும்.

இவை வீரிய ஒட்டு ரகங்கள் அல்ல. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால், இவற்றின் விதை தாய்ச்செடியின் குணத்தை அநேகமாக மாறாமல் காக்கிறது. வீரிய ஒட்டு ரகங்களுக்கோ ஆண்டுதோறும் புது விதை வாங்கவேண்டும். நோயற்ற செடிகளில் நன்கு கனிந்த பழங்களைத் தெரிந்தெடுத்து, சதையை ஓரிரு நாள் நொதிக்கவிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் அடுத்த பருவத்திற்கான விதை கிடைத்துவிடும்.

வரவும் செலவும்

ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். பத்து கிராம் விதைத்து, நூற்றுக்கு எழுபது முளைத்தால் சுமார் 2,100 நாற்றுகள் கிடைக்கும். அழுகலாலும் பிற காரணங்களாலும் 600 நாற்றுகள் வீணாயின எனக் கொண்டாலும் 1,500 மிஞ்சும். நாற்று ஒன்று 2 ரூபாய் என வைத்துக்கொண்டால், வரவு 3,000 ரூபாய். பெருந்தொகை அன்று, எனினும் சிறு தோட்டமொன்றின் எருவுக்கும் கருவிகளுக்கும் கைகொடுக்கும். நாற்று 25 முதல் 30 நாட்களில் நடவுக்குத் தயாராவதால், பழ விற்பனையைப்போல் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியதில்லை. சந்தையில் பழத்தின் விலை சரியும் இடரும் இதில் இல்லை.

கவனத்திற்குரியவை

நாற்றின் தரமே பள்ளியின் நற்பெயர். நோயுற்ற நாற்று விற்கப்படின், வாங்கியவரின் கொல்லையும் கெடும். எனவே தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி அவசியம். முந்தைய பருவத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி வளர்ந்த இடத்தை நாற்றங்காலுக்குத் தவிர்க்கவேண்டும். ரகத்தின் பெயரையும் விதைத்த நாளையும் எழுதிக் கொடுப்பதும், வரவு செலவு ஏட்டை மாணவரே எழுதுவதும் நன்று. ரகத் தேர்விலும் நோய்த்தடுப்பிலும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

பாட நேரத்தைக் கெடுக்காமலும், விற்பனையையே குறிக்கோளாக்காமலும் நடத்தப்படின், இம்முயற்சி இருவகையில் பயன் தரும். தோட்டம் பிறர் கையை எதிர்பாராது நிலைக்கும். வட்டாரத்திற்கேற்ற ரகம் ஊரின் கொல்லைகளில் மீண்டும் வேரூன்றும்.